தூரத்தை வகுத்து நேரம் சொல்லும் டிக்கெட் ஏஜெண்ட்டுகள்: உஷார்

லண்டனிலிருந்து நியூயார்க் போய், அங்கே உள்நாட்டு விமானம் பிடிக்கிற மாதிரி ஏஜெண்ட் மூலம் டிக்கெட் போட்டிருக்கிறீர்களா? அவர் கொடுத்த பயணத் தாளை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். என் தாளில் இருந்தது: தூரம் 5,570 கி.மீ., பறக்கும் நேரம் ஆறரை மணி. காலை 11.00-க்குக் கிளம்பி, நியூயார்க் நேரம் மதியம் 12.30-க்கு இறக்கம். அடுத்த விமானம் 4.15-க்கு. "மூணே முக்கால் மணி நேரம் இருக்கு சார், நிதானமா சாப்பிட்டுட்டே போகலாம்" என்றார்.

முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, கிளம்புவதற்கு முந்தைய நாள் இரவுதான் இ-டிக்கெட் அனுப்பினார். அதில் இறங்கும் நேரம் 2.00. கேட்டால், "அது டைம் ஸோன் கணக்கு சார்" என்று மழுப்பல். டைம் ஸோனாவது மண்ணாவது! ஐந்து மணி நேர வித்தியாசத்தை இரண்டு தாளிலுமே கழித்துத்தான் போட்டிருந்தது.

ஊர்ப் பெயர் இரண்டைத் தட்டினால் தூரமும் நேரமும் காட்டும் தளங்கள் இருக்கின்றன அல்லவா, அதிலிருந்து எடுத்திருக்கிறார். பூமி உருண்டைமேல் மிகக் குறுகிய கோட்டை அளந்து, மணிக்கு 850 கி.மீ. மாதிரி ஒரே வேகத்தால் வகுத்துவிடுவார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதோ, இறங்க இடமில்லாமல் வட்டமடிப்பதோ அதில் வராது. காற்றும் வராது. அட்லாண்டிக் மேலே ஜெட் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிறது. நியூயார்க் போகிறவருக்கு அது எதிர்க்காற்று. அதனால்தான் அட்டவணையில் போக எட்டு மணி, திரும்ப ஏழு மணி என்று இருக்கும். 2020 பிப்ரவரியில் புயல்காற்று பின்னாலிருந்து தள்ள, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு விமானம் ஐந்து மணி நேரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ஹெல்சிங்கி–டோக்கியோ கோட்டின் நீளமும் மாறவில்லை; ஆனால் 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும் ஒன்பதரை மணிப் பயணம் சுமார் பதின்மூன்று மணி ஆகிவிட்டது.

சரி, என் கதைக்கு வருகிறேன். விமானம் சரியாக 2.00-க்கே இறங்கியது. அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிக்ரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்ட வேண்டும். அப்புறம் ஏர்டிரெயின் பிடித்து வேறு டெர்மினல். நான் கவுண்டருக்குப் போனபோது விமானம் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது, ஆனால் பெட்டி போடும் நேரம் முடிந்திருந்தது. இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால் முதல் விமான நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. இரண்டாவது நிறுவனம் என்னை வராதவர் என்று குறித்து, அந்த டிக்கெட்டிலிருந்த திரும்பும் பயணத்தையும் சேர்த்து ரத்து செய்துவிட்டது.

ஏஜெண்ட்டை அழைத்தால், "பிளைட் டயத்துக்குத்தானே சார் வந்துச்சு, நான் என்ன பண்ண முடியும்?" என்கிறார். பணம் இன்னும் வரவில்லை.

இவரைப் போன்றவர்களிடம் போனால், பணம் கட்டும் முன்பே விமான எண்ணைக் கேட்டு வாங்கி, நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் போட்டு நேரத்தைப் பாருங்கள். இரண்டு விமானமும் ஒரே பிஎன்ஆரில் வருமா என்று கேளுங்கள். "ஒரே பிஎன்ஆரோ தனித்தனியோ, ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.