நாகர்கோவில் பிட்சிங் கேம்ப் 10 நாள் போயிட்டு வந்தேன், ஸ்டீலிங்ல அடி வாங்குற பிட்சருங்க கண்டிப்பா போங்க

மே மாசம் நாகர்கோவில் பக்கம் ஒரு ஸ்கூல் கிரவுண்ட்ல பேஸ்பால் பிட்சிங் (பேட்டருக்கு பந்து எறியுறது) கேம்ப் போட்டிருந்தாவ, ஃபீஸ் 1500 ரூபா, தக்கலைல இருந்து தினமும் காலைல ஃபர்ஸ்ட் பஸ் புடிச்சு போனேன். போன டோர்னமென்ட்ல ஒரே மேட்ச்ல என் பந்துல 5 ஸ்டீல் எடுத்துட்டானுவ, அதாவது நான் எறியும்போதே பேஸ்ல நிக்க ரன்னர் அடுத்த பேஸுக்கு ஓடிப் போயிருதான், எல்லாரும் பேட்டருக்கு பின்னாடி நின்னு பந்து புடிக்க கேட்சரைத்தான் ஏசுனாவ, பாவம் அவன் ஒண்ணும் பேசாம நின்னான், அது மனசுல கெடந்து அரிச்சுட்டே இருந்துச்சு.

முதல் நாளே கோச் என்னைய பந்து போட சொல்லி ஃபோன்ல வீடியோ எடுத்தாரு. "மக்கா உன் நாடியை மட்டும் பாரு"ன்னாரு. எறியுறதுக்கு முன்னாடி அசையாம நின்னு செட் ஆனதும் ஃபர்ஸ்ட் பேஸை ஒரு தடவை பாக்கேன், நாடி பேட்டர் நிக்க ஹோம் பக்கம் திரும்புது, உடனே கால் தூக்குது, பத்து பந்துலயும் அச்சு மாறாம அதேதான். ரன்னர் என் நாடி திரும்புனதுமே ஓட ஆரம்பிச்சிருக்கான்!

அப்புறம் ஸ்டாப்வாட்ச் வச்சு கணக்கு காட்டுனாரு. நான் அசைய ஆரம்பிச்சு பந்து கேட்சர் கைக்கு போக 1.6 செகண்ட், அவன் வாங்கி செகண்ட் பேஸுக்கு எறிய 2.1, மொத்தம் 3.7. ரன்னருக்கு 3.5 போதும். அப்போ கேட்சர் எப்படி எறிஞ்சாலும் அவன் சேஃப்தான், தப்பு முழுக்க என்கிட்ட.

கால உசத்தாம தரையோட ஒட்டி போடுற ஸ்லைடு ஸ்டெப்தான் நாலு நாள் பழக்குனாரு, கடைசில 1.35க்கு வந்துட்டேன். அதவிட பெருசு பந்த சும்மா பிடிச்சு வச்சிருக்கது, ஒரு பந்துக்கு ஒரு செகண்ட், அடுத்ததுக்கு நாலு செகண்ட், ரன்னருக்கு எண்ணவே முடியாது, நின்னு நின்னு அவன் கால் மரத்துப் போவும். பிக்காஃப், அதாவது ரன்னரை அவுட் ஆக்க அவன் நிக்க பேஸுக்கு எறியுறது, சும்மா சும்மா போடாதேன்னும் சொன்னாரு, அமெரிக்க மேஜர் லீக்ல 2023ல இருந்து ஒரு பேட்டர் நிக்கும்போது ரெண்டு தடவைதான் பிக்காஃப் போடவோ ரப்பர (பிட்சர் கால் வைக்க பலகை) விட்டு இறங்கவோ முடியும், மூணாவது தடவை ரன்னர் அவுட் ஆகலன்னா பால்க், அதாவது பிட்சர் தப்புன்னு ரன்னருக்கு அடுத்த பேஸ் சும்மா கிடைக்கும். பேஸ் அகலத்தையும் 15 இன்ச்ல இருந்து 18 ஆக்குனாவ, அந்த வருஷம் ஸ்டீல் 2486ல இருந்து 3503க்கு ஏறிச்சு.

சாப்ட்பால்ல இருந்து வந்த பிள்ளைங்க மூணு பேர் ரொம்ப கஷ்டப்பட்டாவ, அங்க பந்து கைய விட்டு போற வரைக்கும் ரன்னர் பேஸ்லதான் நிக்கணும், அதனால ரன்னரைக் கவனிச்சு எறியுற பழக்கமே கிடையாது. ரப்பர்ல கால் வச்சுட்டு ஃபர்ஸ்டுக்கு எறியுற மாதிரி காட்டிட்டு எறியாம விட்டா பால்க்ங்கறதையும் பொறுமையா திரும்பத் திரும்ப சொல்லிக் குடுத்தாரு.

குறைன்னா கேட்சர் கியர் ஒரே ஒரு செட், 18 பேருக்கு அது பத்தவே பத்தாது. தரை முழுக்க சரள், டைவ் அடிச்சு ஒருத்தனுக்கு முழங்கை தோலு போச்சு. இடது கை பிட்சருக்கு தனியா ஒண்ணும் சொல்லித்தரல, அவன் ஃபர்ஸ்ட் பேஸைப் பாத்தே நிக்கவன், அவனுக்கு ஒரு நாளாவது ஒதுக்கிருக்கணும்.

அடுத்த கேம்ப் அரைப்பரீட்சை லீவுலயாம், எங்க கேட்சரையும் கூட்டிட்டு போறேன்.