காற்றால் குளிரும் வேனுக்கு எல்.பி.ஜி.: சூடு எங்கிருந்து வரும் என்று முதலில் கேளுங்கள்

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஷெட்டில் பல ஆண்டுகளாக நின்றிருந்த 1972-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் கோம்பி வேனை வாங்கி, பின்புறம் படுக்கையும் சிறு சமையல் மேடையும் அமைத்து, குடும்பத்தோடு மலைப்பக்கம் தங்கி வருவதற்கான வண்டியாக மாற்றி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதில் எல்.பி.ஜி. கிட் பொருத்தி ஒன்றரை ஆண்டும் 9,000 கிலோமீட்டரும் கடந்துவிட்டன. இந்த வேலையைக் கோவையில் இரண்டு பட்டறைகள் செய்தன. முதலில் செய்த வேலை தோற்றது. இரண்டாவது செய்த வேலை இன்றும் குறையின்றி ஓடுகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு திரவக் கேஸை ஆவியாக்கும் வேப்பரைசர் என்ற ஒரே பாகத்தைச் சூடாக்கும் வழியில்தான் இருந்தது. ஆகவே இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

கேஸ் தொட்டிக்குள் திரவமாக இருக்கிறது. எஞ்சினுக்குள் போகுமுன் அது ஆவியாக வேண்டும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் பியூட்டேன் மைனஸ் அரை டிகிரி அளவிலும் கொதிப்பவை என்பதால், அழுத்தம் குறைந்தவுடன் ஆவியாகத் தொடங்கிவிடும். ஆனால் ஆவியாவதற்குக் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 400 கிலோஜூல் வெப்பத்தைச் சுற்றியுள்ள உலோகத்திலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். என் வண்டி சமவெளியில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இது அரை கிலோவாட் அளவுக்கு வருகிறது. மலையேற்றத்தில் கேஸ் செலவு கூடும் அளவுக்கு இதுவும் கூடும். ஆம்னியிலும் அம்பாசடரிலும் ரேடியேட்டர் சுற்றில் ஓடும் சுடுதண்ணீரை வேப்பரைசர் வழியாகத் திருப்பிவிட்டால் போதும். கோம்பியின் 1584 சிசி எஞ்சினில் ரேடியேட்டரும் இல்லை, தண்ணீரும் இல்லை; ஃபேன் வீசும் காற்றாலும் சுற்றிவரும் ஆயிலாலும்தான் அது குளிர்கிறது.

முதல் பட்டறையில் ஆம்னிகளுக்கு நூற்றுக்கணக்கில் கிட் பொருத்தியிருந்தார்கள்; அந்த அனுபவத்தை நம்பியே வண்டியை விட்டேன். அவர்கள் தண்ணீர்க் குழாய் செருக வேண்டிய இரண்டு முனைகளையும் வெறுமனே விட்டுவிட்டு, எஞ்சின் அறையின் சூடே போதும் என்று சொல்லி வண்டியைக் கொடுத்தார்கள். அவிநாசி சாலையில் ஓட்டியவரை எந்தக் குறையும் தெரியவில்லை. டிசம்பர் மாதம் ஒரு காலை மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறிலிருந்து ஏறத் தொடங்கி, பர்லியாறு வருமுன் எஞ்சின் இருமி நின்றது. பின் கதவைத் திறந்து பார்த்தால், வேப்பரைசர் முழுவதும் உப்புப் பூத்தது போல வெள்ளையாகப் பனி படிந்திருந்தது; விரலை வைத்தால் ஒட்டியது. உள்ளே கேஸின் அளவைக் கட்டுப்படுத்தும் டயாஃப்ரம் என்ற ரப்பர்த் தகடு விறைத்து, கேஸ் சரியாக ஆவியாகாமலே, அதைக் காற்றோடு கலக்கும் மிக்சருக்குள் வந்திருக்கிறது. பெட்ரோலுக்கு மாற்றி வீடு திரும்பினோம். பின்னால் குழந்தைகள் உட்கார்ந்திருந்த வண்டியில், மலைவளைவில் இப்படி நேர்ந்ததை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இரண்டாவது பட்டறை கோவையின் கணபதிப் பகுதியில், லேத்துகளுக்கு நடுவே உள்ள சிறிய இடம். அதன் உரிமையாளர் கிட்டைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே, “ஏனுங்க, தண்ணியே ஓடாத வண்டிக்குச் சூடு எங்கிருந்துங்க வரும்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை பிறந்தது. எக்ஸாஸ்ட் குழாய்களைச் சுற்றியுள்ள பெட்டிகளிலிருந்து வரும் சூடான காற்றைப் பயன்படுத்தலாமா என்று நான் கேட்டேன். ஜெர்மனியின் குளிருக்காக வைத்த அந்த ஹீட்டர் நம் ஊரில் யாருக்கும் தேவைப்படாமல் சும்மாதானே கிடக்கிறது என்பது என் எண்ணம். காற்று சுமந்து வரும் வெப்பம் குறைவு, வேப்பரைசரின் பரப்பும் சிறியது, மலையில் முழுச் சுமையில் அது தாங்காது என்று விளக்கி, “ஆயில்தானுங்க வழி” என்று முடித்துவிட்டார்.

அவர் செய்த முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆயில் பம்பின் மூடியைக் கழற்றி, வெளிவழி உள்ள வேறு மூடியைப் போட்டு, அங்கிருந்து ஒரு கிளைக் குழாயை வேப்பரைசருக்குக் கொண்டுபோய், திரும்பிவரும் ஆயிலை அழுத்தமில்லாமல் எஞ்சினுக்குள்ளேயே விழச் செய்தார். தண்ணீருக்காகச் செய்த அறை குளிர்ந்த எஞ்சினின் ஆயில் அழுத்தத்தைத் தாங்காது என்பதால், ஆயில் நுழையும் இடத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் துளையுள்ள பித்தளை நிப்பிளைப் பக்கத்து லேத்தில் கடைந்து வாங்கிப் பொருத்தினார். உள்ளிருந்த ரப்பர் வளையங்களை எல்லாம் கழற்றி, சூடான ஆயிலைத் தாங்கும் வளையங்களாக மாற்றினார். மொத்தமே இரண்டரை லிட்டர் ஆயிலில் ஓடும் எஞ்சின் இது. ஒரு குழாய் விட்டுப்போனால் சில நிமிடங்களில் எஞ்சின் ஆயிலின்றி இறுகிப் பிடித்து நின்றுவிடும். அதனால் குழாய்களின் முனைகளுக்கு கிளிப் போடாமல் பிரஸ் செய்த இணைப்புகளே வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

காலையில் பெட்ரோலில் கிளப்பி, பத்து நிமிடம் ஓடி ஆயில் சூடான பிறகுதான் கேஸுக்கு மாற்றுகிறேன். கோத்தகிரி மலைப்பாதையை ஒரே மூச்சில் ஏறி முடித்து வேப்பரைசரைத் தொட்டுப் பார்த்தேன். சற்று முன் காபி குடித்து வைத்த தம்ளரைப் போல இளஞ்சூடாக இருந்தது. அதன் பிறகு ஒரு முறைகூடப் பனி படியவில்லை.

கிட் பொருத்தியதோடு வேலை முடிந்துவிடாது. இவ்வகை எஞ்சினில் மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு இயல்பிலேயே அதிகம் சூடாகும் இடம். பழைய அமைப்பில் ஆயில் கூலர் அந்தச் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறைத்துக்கொண்டு நிற்கும். கேஸைச் சிக்கனம் செய்வதற்காக மிக்சரின் திருகை இறுக்கிக் கலவையை மெலிதாக்கினால், சிலிண்டர் ஹெட் கொதித்து வால்வு எரியும். புகைப் பரிசோதனைக் கருவியை வைத்துக் கலவையைச் சரிசெய்தபோது, மைலேஜுக்காக இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொன்ன என்னைக் கணபதிப் பட்டறைக்காரர் தடுத்துவிட்டார். 5,000 கிலோமீட்டரில் டேப்பெட் (வால்வு இடைவெளி) பார்த்தபோது, 0.15 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி மூன்றாவது எக்ஸாஸ்டில் 0.10 ஆகக் குறைந்திருந்தது. வால்வு தன் சீட்டுக்குள் அமிழத் தொடங்கியதன் அறிகுறி இது. இப்போது 2,500 கிலோமீட்டருக்கு ஒரு முறை, எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும் காலையில், நானே இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்துவிடுகிறேன். ஆயில் மட்டும் பெட்ரோல் காலத்தைவிட நெடுநாள் தெளிவாக இருக்கிறது.

சமையல் அடுப்பை இதே தொட்டியில் இணைக்க முடியாதா என்று பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். கூடாது. வண்டித் தொட்டி அடியிலிருந்து திரவத்தை எடுத்துக் கொடுக்கிறது. அடுப்புக்கு மேலிருந்து வரும் ஆவிதான் வேண்டும். அடுப்புக்குத் தனியாக 5 கிலோ சிலிண்டர் வைத்து, தங்கும் இடத்தில் வெளியே எடுத்துவைத்தே சமைக்கிறோம். வீட்டுச் சிலிண்டரை எஞ்சினுக்கு மாட்டுவது சட்டப்படி குற்றம், ஆபத்தும்கூட.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி எரிபொருள் மாற்றத்தை ஆர்.சி.யில் பதிய வேண்டும். தொட்டியை ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை சோதனைக்கு அனுப்ப வேண்டும். இவற்றைத் தட்டிக்கழிக்கச் சொல்லும் எவரிடமும் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

பணக் கணக்கைப் பொறுத்தவரை, இரண்டு பட்டறைகளுக்குமாக 74,000 ரூபாய் ஆனது. பெட்ரோலில் லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கொடுத்த வண்டி கேஸில் 7 கொடுக்கிறது. விலை வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்தான் மிச்சம். ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டும் என்னைப் போன்றவருக்குப் போட்ட பணம் திரும்ப ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சிக்கனம் ஒன்றையே கருதி இதில் இறங்குபவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். எனக்கு வேண்டியிருந்தது நீண்ட தூரம் போகும் வசதி. 60 லிட்டர் தொட்டியில் 80 விழுக்காடு, அதாவது 48 லிட்டர் நிரப்பி, பெட்ரோலையும் சேர்த்துக்கொண்டால் இரண்டு நாள் மலைப்பயணத்தில் பங்க்கைத் தேட வேண்டியதில்லை.

ஒரு குறை இன்னும் மிஞ்சியிருக்கிறது. முதல் பட்டறை அடித்தளத்தில் மாட்டிய தொட்டியின் பிராக்கெட் தாழ்வாக இருப்பதால், உயரமான வேகத்தடைகளில் உரசுகிறது. கணபதிக்காரர் அதை இரண்டு அங்குலம் உயர்த்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது முடிந்த பிறகே வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு வண்டியைக் கொண்டுபோவேன்.