எடைப்பாலத்து வரிசை: எக்செல் சராசரியா, சிமுலேஷனா?

மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனை ஆலை ஒன்றில், லோரியை அப்படியே ஏற்றி எடைபோடும் எடைப்பாலத்தின் முன் லோரிகள் தேங்குவதற்குத் தீர்வு காணும் வேலை என்னிடம் வந்தபோது, எக்செல்லில் சராசரிக் கணக்குப் போடுவதா, தனிநிகழ்வு உருவகப்படுத்தல் எனப்படும் சிமுலேஷனை (ஒவ்வொரு லோரியின் வருகையையும் காத்திருப்பையும் கணினியில் ஒன்றன்பின் ஒன்றாக நடத்திப் பார்ப்பதை) நாடுவதா என்ற கேள்வி எழுந்தது. நான் சிமுலேஷனைத் தேர்ந்தவன். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

எக்செல்லின் நன்மைகள் தெரிந்தவையே: எல்லா மேசையிலும் இருக்கிறது, கிராணியே திருத்திக்கொள்வார். செலவிலும் வேறுபாடு இல்லை; நான் பயன்படுத்திய சிம்பை, பைத்தான் மொழிக்கான இலவச நூலகம்.

தீர்மானித்தது ஏற்ற இறக்கம்தான். குலையோடு ஒருமுறை, வெறுமையாக ஒருமுறை என லோரி பாலத்தில் இருமுறை ஏறுகிறது. இரண்டுக்கும் சேர்த்து 4 நிமிடம், 5 நிமிடத்துக்கு ஒரு லோரி என்று வைத்துக்கொண்டால், பாலத்துக்கு 80 விழுக்காடு வேலை, வரிசையே இல்லை என்று சராசரிக் கணக்கு சொல்லும். வருகையும் எடைபோடும் நேரமும் தாறுமாறாக மாறும் எனக் கொள்ளும் எளிய வரிசைச் சூத்திரமோ 16 நிமிடக் காத்திருப்பைக் காட்டுகிறது; வருகை இடைவெளி அரை நிமிடம் குறைந்தால் அதுவே 32 நிமிடமாகிறது. வெட்டிய குலை கிடக்கக் கிடக்க எண்ணெயில் கொழுப்பமிலம் ஏறும் என்பதால், இந்த வேறுபாடு ஆலைக்குச் சிறியதன்று.

சூத்திரமே போதாதா என்றால், அது நாள் முழுவதும் வருகை ஒரே வேகத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. இங்கோ காலையில் ஈயாடும் பாலத்தில், மதியத்துக்குப் பின் தோட்டத்து லோரிகளும் சிறுதோட்டக்காரர்களின் லோரிகளும் சேர்ந்து முட்டுகின்றன. எடைச்சீட்டில் பதிவாவது பாலத்தில் ஏறிய நேரமே தவிர வரிசையில் சேர்ந்த நேரமன்று என்பதைத் தாமதமாகத்தான் உணர்ந்தேன். பிறகு வாயிற்காவலரின் குறிப்பேட்டிலிருந்து வருகை நேரங்களை எடுத்துச் சிமுலேஷனுக்கு ஊட்டினேன். வெளியேறும் வெறும் லோரிக்கு முன்னுரிமை தந்தால் என்னவாகும், சிறுதோட்டக்காரர்களைக் காலையிலேயே வரச் சொன்னால் என்னவாகும் என்பதையெல்லாம் பாலத்தைத் தொடாமலே பார்க்க முடிந்தது. ஒரே ஓட்டத்தை நம்பாமல், தற்செயல் எண்களை மாற்றிப் பலமுறை ஓட்டியே ஒப்பிட வேண்டும்.

குலை அவிக்கும் கலன் பழுதாகி வரிசை பின்னோக்கி நீளும் நாள்களைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். குறிப்பேட்டில் அப்படிப்பட்டவை மூன்றே நாள்கள் என்பதால், அந்தப் பகுதியை இன்றும் எக்செல்லிலேயே வைத்திருக்கிறேன்.