கோப்பர்நிக்கஸ் மெரைன் கடல் மட்டத் தரவு: பாலாற்று முகத்துவாரத்தை வைத்து ஒரு மதிப்புரை

வேலூர், ராணிப்பேட்டைக் கல்லூரிகளில் கடல் மட்ட உயர்வை புராஜெக்ட்டாக எடுப்பவர்கள் முதலில் திறக்க வேண்டியது ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிக்கஸ் மெரைன் தளம். கட்டணம் இல்லை, பதிவு செய்தால் போதும். பல செயற்கைக்கோள்களின் ரேடார் அளவுகளைச் சேர்த்து, 1993 முதல் நாள்வாரியாகத் தருகிறார்கள்.

எடுக்க வேண்டியது 008_047 என்று முடியும் தொகுப்பு; பல ஆண்டுத் தரவை ஒரே முறையில் மறுபடி கணக்கிட்டது அது. 008_046 அண்மை நாட்களுக்கான அவசரக் கணக்கு. இரண்டையும் ஒட்டிப் போக்குக் கோடு போட்டால், ஒட்டிய இடத்தில் பொய்யான ஏற்றமோ இறக்கமோ வரலாம்.

உலகம் முழுவதையும் இறக்கி டேட்டாவைக் கரைக்க வேண்டாம். நம் பாலாறு வயலூர் அருகே கடலில் சேருகிறது. அதற்கு நேரே அட்சரேகை 12–13, தீர்க்கரேகை 80.5–81.5, மாறி எஸ்எல்ஏ (கடல் மட்ட விலகல்) மட்டும் என்று குறித்தால் சின்னக் கோப்பு வரும். கோப்பு வடிவம் நெட்சிடிஎஃப்; நாசாவின் பனோப்ளி என்ற இலவச மென்பொருளில் திறக்கலாம், ஆனால் கணினியில் ஜாவா இருக்க வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் எழுதுபவர்களுக்கு எக்ஸ்அரே என்ற நிரல் தொகுப்பு போதும். இவை இரண்டும் எண்ணைத் தாமாகவே மீட்டருக்கு மாற்றிவிடும். சொந்த நிரலில் படித்தால் 0.0001-ஆல் பெருக்க வேண்டும்: 1200 என்றிருப்பது 12 செமீ. அதுவும் 1993–2012 சராசரியிலிருந்து விலகல்தான். கரையில் நிற்கும் நீரின் உயரம் அல்ல.

அதிகம் பேர் சறுக்குவது பருவத்தில். நம் கிழக்குக் கரையில் கடல் மார்ச் வாக்கில் தாழ்ந்து, ஐப்பசி கார்த்திகையில் உயரும்; வித்தியாசம் 20 செமீக்கு மேலும் போகும். ஆண்டு உயர்வோ சில மிமீதான். மார்ச்சில் தொடங்கி நவம்பரில் முடியும் ஐந்தாண்டுத் தரவு, இல்லாத பேருயர்வைக் காட்டிவிடும். முழு ஆண்டுகளாக எடுங்கள், ஒவ்வொரு மாதத்துக்கும் அந்த மாதத்தின் பல ஆண்டுச் சராசரியைக் கழித்துவிட்டுக் கோடு போடுங்கள். இருபது ஆண்டுக்குக் குறைந்தால் எல் நினோ, இந்தியப் பெருங்கடல் இருமுனை போன்று சில ஆண்டுக்கு ஒருமுறை கடல் வெப்பம் மாறும் நிகழ்வுகளின் ஆட்டமே மேலோங்கும்.

அடுத்தது கரையோரம். ரேடார் துடிப்பு கடலில் படும் பரப்புக்குள், அதாவது அதன் தடத்துக்குள், நிலம் நுழைந்தால் எதிரொலி கெடும். ஈரக்காற்று ரேடார் துடிப்பைத் தாமதப்படுத்துவதைத் திருத்த ரேடியோமீட்டர் உண்டு. அதுவும் நிலத்தருகே தடுமாறும். அதனால்தான் கட்டத்தை 80.5-இல் தொடங்கச் சொன்னோம். 2013-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன சரல் செயற்கைக்கோளின் கேஏ அலைவரிசைக்குத் தடம் சிறியது, கரையை இன்னும் நெருங்க முடிந்தது; பதிலுக்கு மழையில் குறிப்பலை வலுவிழக்கும்.

துறைமுகத்தில் நீர்மட்டம் அளக்கும் டைட் கேஜோடு ஒப்பிட்டால் எண்கள் பொருந்தாமல் போகலாம். வேலூர்க் கோட்டை அகழிச் சுவரில் அளவுகோல் வரைந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: சுவர் இறங்கினாலும் நீர் ஏறியதாகவே தெரியும். செயற்கைக்கோள் பூமியின் மையத்தை ஆதாரமாகக் கொண்டு அளப்பதால் நிலம் தாழ்வது அதில் சேராது. இரண்டின் வித்தியாசமே நிலம் அசைவதற்கான தடயமாகலாம். நல்ல புராஜெக்ட் அங்கேதான் கிடைக்கும்.

குறைகள்: விளக்கக் கையேடுகள் ஆங்கிலத்தில்தான். பழைய வீடியோக்கள் காட்டும் மோட்டு, எஃப்டிபி என்ற தரவிறக்க வழிகள் 2024-இல் நின்றுவிட்டன; தளத்தின் புதிய பைத்தான் கருவியையே பயன்படுத்துங்கள். புயல் நேரத்தில் ஒரு ஊருக்குள் நீர் எவ்வளவு ஏறும் என்று பார்க்க இந்தத் தரவு உதவாது.