கப்பல் பெட்டிக்குள் ஒரு பிலிப்பைன்ஸ்

ஸ்காபரோவில் படிப்பிக்கிற என் தங்கச்சி அனுப்பிய கப்பல் பெட்டியில், சொக்கிளேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே இன்னொரு பெட்டி இருந்தது. பிலிப்பைன்ஸின் வரலாற்றையும் பண்பாட்டையும் வகுப்பில் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களுக்கென்றே செய்தது. கனடாவில் ஜூன் மாதம் பிலிப்பினோ மரபு மாதம். அவளுடைய வகுப்பில் அந்தப் பிள்ளைகள் கனபேர். "உங்கட பிள்ளையளுக்கும் காட்டிப் பாருங்கோ அக்கா" என்று ஒரு துண்டு வைத்திருந்தாள்.

நல்லூர்ப் பக்கம் தரம் 9க்கு வரலாறு எடுக்கிறேன். தவணைப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் ஒன்றிலும் மனம் ஊன்றாத ஒரு கிழமையில் நாலு பாடவேளை ஒதுக்கினேன். உள்ளே 24 பாட அட்டைகள், ஒரு சுவர்ப்படம், எழுத்து அட்டைகள், சுங்கா என்ற விளையாட்டுக்கு ஒரு பலகை, ஒரு பை சோகி. எல்லாம் ஆங்கிலம். இரண்டு இரவு முழித்திருந்து தமிழில் எழுதினேன்.

முதல் அட்டையே சிரிப்பை மூட்டியது. வெளிநாட்டில் உழைக்கிற பிலிப்பினோக்கள் ஊருக்கு அனுப்பும் 'பாலிக்பாயன்' பெட்டி பற்றியது. "இது எங்கட மாமா அனுப்புற பெட்டியெல்லோ!" என்று அரை வகுப்பு எழும்பியது. அதன்பிறகு என் வேலை சுகம்.

பெட்டியில் உள்ளவற்றில் உச்சம் பிலிப்பைன்ஸின் பழைய எழுத்தான பைபாயின்தான். எழுத்தைச் சும்மா எழுதினால் அகரம் சேர்ந்தே ஒலிக்கும். மேலே ஒரு சின்னக் கீறு போட்டால் இ அல்லது எ, கீழே போட்டால் உ அல்லது ஒ. பிராமியின் வழிவந்தது என்பதால் உயிர்மெய் எழுதிப் பழகிய பிள்ளைகள் பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டார்கள். பிறகுதான் ஒரு பெடியன் கொப்பியோடு வந்தான்: "என்ர பேரில 'ன்' விழுந்துபோச்சு ரீச்சர்." உண்மைதான். பழைய பைபாயினில் சொல்லின் கடைசி மெய்யை எழுதவே மாட்டார்கள், வாசிக்கிறவர்தான் ஊகிக்க வேண்டும். 1620இல் ஒரு ஸ்பானியப் பாதிரியார் கீழே சிலுவைக் குறி போட்டு மெய்யைக் காட்டப் பார்த்தார், எடுபடவில்லை. நாங்கள் மெய்க்குப் புள்ளி வைப்பது ஏன் என்று இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையும் என்னைக் கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்டார்கள்.

சுங்கா எங்கள் பல்லாங்குழியின் உறவுக்காரி. பக்கத்துக்கு ஏழு குழி, இரு முனையிலும் ஒவ்வொரு பெரிய குழி. முதல் சுற்றை இருவரும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்பதால் பின்வாங்கில் ஒரே சண்டை. ஆனால் பலகை இரண்டாம் நாளே நடுவால் பிளந்தது. இப்படி ஒரு மரமா? சீமெந்து நிலத்தில் வெண்கட்டியால் வட்டம் கீறி விளையாட்டைத் தொடர்ந்தோம்.

சாப்பாட்டு அட்டைகள் பரவாயில்லை. மார்கழியில் விடியற்காலைப் பூசைக்குப் போய்வருகிறவர்கள் வாங்கிச் சாப்பிடும் 'புத்தோ பும்போங்', மூங்கில் குழலில் அவித்துத் தேங்காய்ப்பூப் போட்ட ஊதா நிறப் பலகாரம். படத்தைப் பார்த்ததும் "குழல் பிட்டு" என்றார்கள். நான் மறுக்கவில்லை.

வரலாற்று அட்டைகளில்தான் எனக்குக் கோபம். 1521இல் மக்தான் தீவில் கடலோடி மகெல்லன் கொல்லப்பட்டதற்கு நாலு வண்ண அட்டை. 1901இல் 'தோமஸ்' கப்பலில் வந்த அமெரிக்க ஆசிரியர்களுக்கு ஒரு முழு அட்டை. 1899இல் பிலிப்பினோக்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் இடையே தொடங்கிய போருக்கோ ஒரு வரி. வட்டுக்கோட்டையில் 1823இலேயே அமெரிக்க மிஷன் செமினரி கண்ட ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கதை புதிதல்ல. அந்தப் போர்தான் புதிது.

அதைவிட மோசம், 1986இல் மணிலா எட்சா வீதியை நிறைத்த சனத்தின் படம் இருக்கிறது, அவர்கள் ஏன் வந்தார்கள் என்பது இல்லை. "என்ன நடந்ததெண்டு இவ்வளவு சனம் றோட்டில?" என்று ஒருத்தி கேட்டாள். 1972இல் சனாதிபதி மார்க்கோஸ் இராணுவச் சட்டம் கொண்டுவந்தது, பத்திரிகைகளை மூடியது, எதிர்த்தவர்களைச் சிறையில் போட்டது, 1983இல் நாடு திரும்பிய எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ விமான நிலையத்திலேயே சுடப்பட்டது, எல்லாவற்றையும் நானே கரும்பலகையில் எழுதினேன். மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை.

வாங்க நினைக்கிற ஆசிரியர்கள் எழுத்து அட்டைகளையும் பாட அட்டைகளையும் தனியே விற்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். பலகைக்கு ஒரு வெண்கட்டி போதும்.