பழைய வீட்டு சாய்வு சீலிங்குக்கு பிஐஆர் போர்டு, லாஃப்டுக்கு கண்ணாடிக் கம்பளி ரோல்: குளிர்காலம் தாண்டுன அப்புறம் என் ரிவ்யூ

நேரா விஷயத்துக்கு வர்றேன். லண்டன் பக்கம் பழைய வீடு வாங்கியிருக்கீங்க, மாடி ரூம்ல சீலிங் சாய்வா இறங்குதுன்னா, வீட்டுச் சூடு வெளிய போகாம தடுக்குற இன்சுலேஷனுக்கு வெச்சிருக்குற காச முதல்ல அந்த சாய்வுல போடுங்க. லாஃப்டுல, அதாவது கூரைக்கு அடில இருக்குற பரண்ல, எல்லாரும் கம்பளி ரோல் விரிச்சுடுறாங்க, சாய்வு யார் கண்ணுலயும் படுறதில்ல.

எங்களது ஹாரோல 1930கள்ல கட்டுன செமி, அதாவது ஒரு பக்க செவுரு பக்கத்து வீட்டோட ஒட்டுன வீடு. சின்ன ரூம்ல பாதி சீலிங் சாய்வு, அதுக்குப் பின்னாடி ஓட்டுக்கு அடில விரிக்கிற கருப்பு ஃபெல்ட் ஷீட், அதுக்கு மேல ஓடு, வேற ஒண்ணுமே கிடையாது. சாய்வும் செவுரும் சேர்ற மூலைல வருஷா வருஷம் பூஞ்சை புடிக்கும், துடைச்சு பெயிண்ட் அடிச்சா மறுபடி வந்துடும், ஏன்னா பிரச்சனை பெயிண்ட்ல இல்ல, ரூம்ல இருக்குற ஈரக்காத்து அந்த சில்லுனு இருக்குற இடத்துல பட்டு தண்ணியாகுது.

கோட்டேஷன் குடுக்க வந்த ஒரு கம்பெனிக்காரர் ஓட்டுக்கு அடில ஸ்ப்ரே ஃபோம் (பீச்சி அடிச்சா ஒட்டி இறுகுற நுரை) அடிச்சுடலாம், ஒரே நாள்ல முடிஞ்சுடும்னாரு. வேண்டவே வேண்டாம்னு சொல்லிட்டேன். ஃபோம் ஒட்டிக்கிச்சுன்னா உள்ள மரம் ஈரத்துல உளுத்துப் போகுதான்னு யாருக்கும் தெரியாது, அதனாலயே வீட்டுக் கடன் குடுக்குற நிறைய மார்ட்கேஜ் லெண்டர்ஸ் அந்த மாதிரி வீடுன்னா பின்வாங்குறாங்க.

நாங்க பண்ணது பிஐஆர் போர்டு. செலோடெக்ஸ், கிங்ஸ்பான்னு கம்பெனி பேர்ல, ரெண்டு பக்கமும் வெள்ளி ஃபாயில் ஒட்டி வருமே, அந்த கெட்டியான ஃபோம் பலகைதான். சூட்ட கடத்துற திறன் (கம்மியா இருந்தா நல்லது) சுமார் 0.022, சாதா லாஃப்ட் ரோல் 0.044, அதாவது பாதி தடிமன்லயே அதே வேலை நடக்கும். எங்க ராஃப்டர், அதாவது கூரையத் தாங்குற சாய்வு மரச்சட்டம், ஆழம் வெறும் 100 மி.மீ., அதுல ஃபெல்ட்டுக்கு அடில 50 மி.மீ. காத்து போக இடம் விட்டே ஆகணும், மீதி 50 மி.மீ.ல தான் போர்டு. அது பத்தாதுன்னு ராஃப்டருக்குக் கீழ இன்னொரு 50 மி.மீ. போர்டு குறுக்க அடிச்சு, அத மூடி பிளாஸ்டர்போர்டு (ஜிப்சம் பலகை). தலைக்கு மேல ரெண்டரை இஞ்ச் போச்சு, உயரமானவங்க கட்டில் எங்க போடுறதுன்னு முன்னாடியே யோசிச்சுக்கோங்க. அந்த 50 மி.மீ. கேப்ப யாராவது "அதெல்லாம் வேணாம் சார், ஃபுல்லா அடைச்சுடலாம்"னா அவங்கள வேலைக்கு வெக்காதீங்க.

போர்டு நல்ல போர்டுதான், ஆனா எல்லாம் ஜாயின்ட்ல தான் இருக்கு. பழைய ராஃப்டர் எதுவும் நேரா இருக்காது, மேல ஒரு அளவு கீழ ஒரு அளவு. எங்களுக்கு வேலை பாத்தவர் ஒவ்வொரு துண்டையும் கொஞ்சம் சின்னதா அறுத்து, சுத்தி இடுக்குல கேன் ஃபோம் அடிச்சு, காஞ்சதும் கத்தியால சீவிட்டு, ஃபாயில் டேப்ப விரலால அழுத்தி அழுத்தி ஒட்டுனாரு, ஒரு இடுக்கு விடல. அந்த பொறுமைக்குத்தான் நான் காசு குடுத்தேன்னு சொல்லுவேன். டேப் சரியில்லன்னா ரூம் ஈரம் பின்னாடி போய் மரத்துல உக்காந்துக்கும். அறுக்கும்போது பறக்குற மஞ்சத் தூள் தலை, துணி எல்லாத்துலயும் ஒட்டும், மாஸ்க் கட்டாயம்.

லாஃப்ட் தட்டையான இடத்துக்கு கண்ணாடிக் கம்பளி ரோலே போதும், விலையும் கம்மி. ஜாயிஸ்ட்டுக்கு (லாஃப்ட் தரை மரச்சட்டம்) நடுவுல 100, குறுக்க 170, மொத்தம் 270 மி.மீ. ஓரத்துல ஈவ்ஸ், அதாவது கூரை விளிம்பு, வழியா காத்து வர்ற இடத்த மட்டும் அடைச்சுடாதீங்க. மேல பலகை போட்டு பெட்டி அடுக்கணும்னா பிளாஸ்டிக் கால் வெச்சு தூக்கிப் போடுங்க, கம்பளி அமுங்குனா பிரயோஜனம் இல்ல. கீழ இருந்து சூடு மேல வராததால லாஃப்ட் முன்ன விட குளிரும், அதனால தண்ணி பைப்ப எல்லாம் உறை போட்டு மூடிடுங்க.

இப்ப அந்த மூலை காஞ்சு கிடக்கு, பொண்ணு அங்க தான் படுக்குறா, ராத்திரி ஹீட்டர் போட சொல்லி கேக்குறதே இல்ல. சத்தமா மழை பெய்யும்போது கூட ரூம்ல அமைதியா இருக்குன்றது எதிர்பாக்காத லாபம்.

செலவு விஷயத்துல ஒண்ணு: பொருளையும் சேத்து இன்ஸ்டாலர் கிட்டயே குடுத்தா 2027 மார்ச் 31 வரைக்கும் வாட் வரி கிடையாது, நாமளே கடைல வாங்குனா 20 சதவீதம் கட்டணும். சீலிங்ல பாதிக்கு மேல பிரிக்கிறதா இருந்தா கவுன்சில்ல கட்டட விதிய பாக்குற பில்டிங் கன்ட்ரோல்ல முன்னாடியே பேசிடுங்க. மிச்சம் விழுற போர்டு துண்ட தூக்கிப் போடாம லாஃப்ட் கதவுக்குப் பின்னாடி ஒட்டி, சுத்தி ரப்பர் ஸ்ட்ரிப் போட்டுடுங்க.