பெரியப்பாவின் வலது கால்: ஊரில் மூன்று வாரம்

இந்த முறை நான் ஊருக்குப் போனதே பெரியப்பாவின் வலது முட்டி அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிப்பதற்காகத்தான். அவருக்கு வயது 71. கோபிசெட்டிபாளையத்திற்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்கால் பாயும் தோட்டத்தில், நெல்லும் மஞ்சளும் போட்டு இன்றும் தாமே வெள்ளாமை பார்க்கிறார். இரண்டு ஆண்டுகளாக வலி என்று சொல்லிக்கொண்டிருந்தவரை, ஒரு தனியார் மருத்துவமனையில் முட்டியை மட்டும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, தேய்மானம் முற்றிவிட்டது, மூட்டை மாற்றிவிடலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்று வார விடுப்பில் அந்த வேலையை முடித்துவிடலாம் என்று எண்ணித்தான் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரிலிருந்து கிளம்பினேன். நடந்தது வேறு. தொலைவில் இருந்துகொண்டு ஊரிலுள்ள பெரியவர்களின் வைத்தியத்தைக் கவனிப்பவர்களுக்கு உதவும் என்பதால், அங்கே கண்டதை விரிவாகவே எழுதுகிறேன்.

போய்ச் சேர்ந்த அன்று மாலை, பெரியப்பா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, பெரியம்மா எண்ணெயைச் சூடு செய்து கொண்டுவந்து உருவிவிட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்தக் காலை நான் உற்றுப் பார்த்தேன். இடது காலின் முன்னெலும்பு நேராக இறங்க, வலது காலின் முன்னெலும்பு முழங்காலுக்குக் கீழே வில்லைப் போல முன்பக்கம் வளைந்திருந்தது. தடவிப் பார்த்தால் தடிப்பும் தெரிந்தது. வாசலில் கிடந்த செருப்புகளில் வலது செருப்பு மட்டும் வெளிப்பக்க ஓரத்தில் தேய்ந்திருந்தது. "இந்தக் காலு மட்டும் எப்பத் தொட்டாலும் சுடுது கண்ணு, காச்சக்காரன் ஒடம்பாட்டம். அந்தக் காலு சில்லுனு கெடக்குது," என்றார் பெரியம்மா. நானும் இரண்டு உள்ளங்கைகளையும் இரண்டு கால்களிலும் வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். வலியைப் பற்றிக் கேட்டபோது, நடக்கும்போது வலிப்பதைவிட, படுத்த பிறகு எலும்புக்குள்ளே குடைவதுதான் தாங்க முடியவில்லை என்றார் பெரியப்பா. தேய்மான வலி பெரும்பாலும் நடந்தால் கூடும், ஓய்வெடுத்தால் தணியும் என்று கேட்டிருந்த எனக்கு, அந்த ஒரு பதில் உறுத்தலாகவே இருந்தது.

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். ஆனால், நான் வசிக்கும் லங்காஷயர் பகுதி பேஜட் எலும்பு நோய் மிகுதியாகக் காணப்பட்ட இடம் என்று மருத்துவ உலகில் பெயர் பெற்றது. எங்கள் தெருவில் முதியவர் ஒருவருக்கு அந்த நோய் இருக்கிறது. வளைந்த கால், சூடு, இரவு வலி ஆகிய மூன்றையும் அவர் வாயிலாகவே முன்பு கேட்டிருக்கிறேன். அவரைத் தெரியாமல் இருந்திருந்தால், நானும் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டுத்தான் வந்திருப்பேன்.

இரத்தப் பரிசோதனைச் சேவையை மனதாரப் பாராட்ட வேண்டும். முதல் நாள் தொலைபேசியில் சொன்னதும், மறுநாள் காலை 6:30 மணிக்கே ஓர் இளைஞர் இருசக்கர வாகனத்தில் தோட்டத்துக்கே வந்து இரத்தம் எடுத்துச் சென்றார். பகல் 11 மணிக்கு முடிவுகள் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டன. கால்சியம், பாஸ்பரஸ், கிரியாட்டினின் ஆகிய மூன்றும் சரியாக இருந்தன. அல்கலைன் பாஸ்படேஸ் என்னும் நொதி மட்டும் 548. அந்த ஆய்வகத்தின் மேல் வரம்பு 129. எண்ணுக்குப் பக்கத்தில், 'அதிகம்' என்பதைக் குறிக்கும் ஒற்றை எழுத்து தடித்த அச்சில் இருந்தது. அவ்வளவுதான், யாரும் அழைத்து எதுவும் சொல்லவில்லை.

இந்த எண் புதிதும் அல்ல. நான்கு ஆண்டுகளுக்கு முன் எடுத்த மாஸ்டர் செக்கப் கோப்பைத் தேடி எடுத்தால், அதிலும் அதே வரியில் 291 என்று இருந்தது. அப்போது வயிற்றை ஸ்கேன் செய்து, ஈரலில் லேசாகக் கொழுப்பு இருக்கிறது, எண்ணெய்ப் பலகாரங்களைக் குறையுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அல்கலைன் பாஸ்படேஸ் ஈரலிலிருந்தும் வரும், எலும்பிலிருந்தும் வரும். எதிலிருந்து வருகிறது என்று பிரித்தறிய ஜி.ஜி.டி. என்னும் எளிய பரிசோதனை உதவுகிறது. ஈரல் அல்லது பித்தநாளக் கோளாறு என்றால் பெரும்பாலும் அதுவும் சேர்ந்தே ஏறியிருக்கும். பெரியப்பாவின் ஜி.ஜி.டி. அன்றும் சரியாகவே இருந்திருக்கிறது, இன்றும் சரியாகவே இருக்கிறது. அன்றைக்கே யாராவது அந்த இரண்டு வரிகளைச் சேர்த்துப் படித்திருந்தால், கேள்வி அப்போதே எலும்பின் பக்கம் திரும்பியிருக்கும். நான்கு ஆண்டுகள் அவர் எண்ணெய்ப் பலகாரம் தின்னாமல் இருந்ததுதான் மிச்சம் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

பீரோவின் அடித்தட்டில், மஞ்சள் பை ஒன்றில் பழைய எக்ஸ்ரே படங்கள் இருந்தன. முட்டிக்காக எடுத்த படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முட்டி நடுவில் இருந்தது. கீழ் ஓரத்தில் முன்னெலும்பின் மேற்பகுதி கொஞ்சம் விழுந்திருந்தது. அந்தப் பகுதியில் எலும்பின் ஓட்டுச்சுவர் ஒரு பக்கம் தடித்து, உள்ளே கோடுகள் முரட்டுக் கயிறுகளைப் போலத் தெரிந்தன. எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், பக்கத்தில் இடது காலின் படத்தை வைத்துப் பார்த்தபோது, இரண்டும் ஒன்றுபோல் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

மறுநாள் குன்னத்தூர், அவிநாசி வழியாகக் கோயம்புத்தூருக்குக் காரில் அழைத்துச் சென்றேன். முட்டியிலிருந்து கணுக்கால் வரை முழு எலும்பும் தெரியும்படி, முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுக்கச் சொன்னேன். 900 ரூபாய், அரை மணி நேரம். கைபேசியில் அனுப்பும் படம் போதாது, அச்சிட்ட பிலிமும் குறுந்தகடும் வேண்டும் என்று கேட்டதும் மறுக்காமல் கொடுத்தார்கள். ஆனால், அறிக்கையின் கடைசி வரியில், புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கவும் என எழுதி, உறையை ஒட்டாமல் பெரியப்பாவின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அதை எழுதியது தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த வயதில் புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவினாலும் எலும்பு வெண்மையாகத் தடித்துத் தெரியும் என்பதால், அந்தச் சந்தேகம் எழத்தான் வேண்டும். ஆனால், அந்த வரியை விளக்க ஒருவரும் இல்லாமல் 71 வயதுக்காரரைக் காரில் 80 கிலோமீட்டர் அனுப்பி வைத்திருக்கக் கூடாது. அவிநாசியைத் தாண்டும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மஞ்சளெல்லாம் வெட்டி முடிச்சர்லாமுங்கொ, அதுக்கு நேரமிருக்குமாட்ட இருக்குது," என்று ஓட்டுநரைப் பார்த்துச் சொன்னார்.

அன்றிரவு இன்னொரு கலவரமும் வந்தது. எனக்குத் தோன்றிய சந்தேகத்தின் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லிவிட, அண்ணன் மகள் கைபேசியில் தேடிப் படித்துவிட்டு அழத் தொடங்கினாள். பேஜட் என்ற பெயரில் இரண்டு நோய்கள் இருக்கின்றன. ஜேம்ஸ் பேஜட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1874இல் விவரித்தது மார்புக் காம்பில் வரும் புற்றுநோய் வகை. 1877இல் விவரித்தது எலும்பு நோய். இரண்டுக்கும் அவருடைய பெயரைத் தவிர வேறு தொடர்பில்லை. தேடுபவர்கள் 'எலும்பு' என்ற சொல்லையும் சேர்த்துத் தேட வேண்டும்.

கோயம்புத்தூரில் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவரைப் பார்க்க இரண்டு நாள்களில் நேரம் கிடைத்தது. இந்தப் பயணத்தில் நான் பெற்ற சேவைகளில் உயர்ந்தது அந்த 40 நிமிடம். அவர் முதலில் பழைய படங்களைக் கேட்டார். பழைய படத்தையும் புதிய படத்தையும் விளக்குப் பெட்டியில் அருகருகே மாட்டி, பெரியப்பாவையே எழுந்து வரச் சொல்லிக் காட்டினார். வலது முன்னெலும்பு இடதைவிட அகலமாகியிருந்தது, ஓட்டுச்சுவர் தடித்திருந்தது, உள்கோடுகள் முரடாகியிருந்தன, எலும்பே வளைந்திருந்தது. கீழே நோய் முடிந்து நல்ல எலும்பு தொடங்கும் எல்லை, புல்லின் நுனியைப் போலக் கூராக இருந்தது. பரவிய புற்றுநோய் பொதுவாக எலும்பை இப்படிப் பருக்கச் செய்து வளைப்பதில்லை என்றார். இருந்தாலும் புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையையும் பார்த்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார்; அது 1.8, சரியான அளவு.

நோய் என்னவென்று பெரியப்பாவுக்கு அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. எலும்பு ஆயுள் முழுவதும் பழையதை இடித்துப் புதியதைக் கட்டிக்கொண்டே இருக்கும். இந்த நோயில் இடிக்கும் ஆட்கள் அளவுக்கு மீறி வேகமாக இடிக்க, கட்டும் ஆட்கள் நூல் பிடிக்காமல் அவசரத்தில் கட்டிவிடுகிறார்கள். சுவர் பார்ப்பதற்குத் தடிமனாக இருக்கும், பலம் இருக்காது, பாரம் தாங்காமல் வளையும். அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் அதிகமாவதால்தான் சூடு. பெரியம்மாவைப் பார்த்து, "உங்க கைதானுங்கம்மா மொதல்ல கண்டுபுடிச்சிருக்குது," என்றார். அதை அவர் உபசாரமாகச் சொல்லவில்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895இல்தான். அதற்கு முன்பே பேஜட், ஒரு நோயாளியை ஏறக்குறைய 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, கால் வளைவதையும், தலை பெருத்துத் தொப்பி சேராமல் போவதையும் கண்ணாலும் கையாலும் அளந்தே இதை எழுதினார்.

இந்தியாவில் இது அரிதான நோய் என்பதால் யாருக்கும் எளிதில் நினைவுக்கு வராது என்றும், ஆனாலும் தென்னிந்தியாவில் நோயாளிகள் இருக்கிறார்கள் என்றும் அவர் சொன்னார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தங்கள் அனுபவத்தை 2006இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டிருக்கிறார்கள். நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குக் குடும்பத்திலும் இருக்கும் என்றதும், எனக்கு அப்பாரின் (தாத்தாவின்) நினைவு வந்தது. அவருக்கும் கால் வளைந்திருந்தது, கடைசிக் காலத்தில் காதும் கேட்கவில்லை. மண்டை ஓட்டில் இந்த நோய் வந்தால் காது மந்தமாகலாம். அவருடைய வளைவு இதுதானா என்று இனி அறிய வழியில்லை.

வேறெந்த எலும்புகளில் இருக்கிறது என்று பார்க்க எலும்பு ஸ்கேன் எடுத்தோம். டெக்னீசியம் என்னும் கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தைக் கையில் ஊசியாகப் போட்டு, ஏறக்குறைய 3 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அதற்குள் நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீர் கழிக்க வேண்டும். அதன் கதிர்வீச்சு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும்; அன்று மட்டும் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்கி உட்கார வேண்டாம் என்று தமிழில் அச்சிட்ட தாளும் கொடுத்தார்கள். திரையில் எலும்புக்கூடு சாம்பல் நிறத்தில் வந்தது. வலது முன்னெலும்பு மட்டும் முட்டி முதல் முக்கால் பாகம் வரை மை ஊற்றியதைப் போலக் கறுத்திருந்தது. "கருவேலங்கட்டையாட்ட இருக்குதுங்க," என்றார் பெரியப்பா. இடுப்பெலும்பின் வலப்பக்கமும் கொஞ்சம் கறுத்திருந்தது. அங்கே அவருக்கு எந்த வலியும் இருந்ததில்லை. மண்டை ஓட்டில் ஒன்றும் இல்லை. ஆகவே, பெரியப்பாவுக்கு இருக்கும் காது மந்தம் வயதால் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். எலும்பில் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கும் தேவை எழவில்லை.

எலும்பை இடிக்கும் வேகத்தை அடக்கும் சோலெட்ரானிக் ஆசிட் 5 மில்லிகிராம் மருந்தை ஒரே முறை டிரிப்ஸாக ஏற்றினால் பல ஆண்டுகள் தாங்கும் என்று கேட்டதும், நான் திரும்புவதற்குள் ஏற்றிவிடுங்கள் என்று வற்புறுத்தினேன். மருத்துவர் சம்மதிக்கவில்லை. பெரியப்பாவின் வைட்டமின் டி 13தான் இருந்தது. அந்த நிலையில் ஏற்றினால் இரத்தத்தில் கால்சியம் திடீரென்று இறங்கிவிடலாம். வைட்டமின் டி குறைந்தாலும் அல்கலைன் பாஸ்படேஸ் ஏறும், ஆனால் அது ஓர் எலும்பை மட்டும் பருக்கச் செய்யாது என்பதையும் அவரே விளக்கினார். முதலில் அதைச் சரிசெய்து, பல்லையும் ஒரு பல் மருத்துவரிடம் காட்டிவிட்டு, 6 வாரம் கழித்து வரச் சொன்னார். முட்டியில் தேய்மானமும் இருக்கத்தான் செய்கிறது, இந்த மருந்தால் அந்த வலி போகாது. பிற்பாடு மூட்டு மாற்ற நேர்ந்தால், இந்த நோயை அடக்கிவிட்டுச் செய்வதுதான் இரத்தப் போக்கைக் குறைக்கும் என்று ஒளிக்காமல் சொன்னார். அப்போது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இப்போது அந்த மறுப்புக்காகவே அவரிடம் நன்றி கொண்டிருக்கிறேன்.

நான் திரும்பிய பிறகு, மார்ச் மாதம் அண்ணன் அழைத்துச் சென்று மருந்தை ஏற்றிவந்தார். அன்றிரவு காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தன. வரலாம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்ததால் யாரும் பதறவில்லை, பாராசிட்டமாலில் இரண்டு நாளில் அடங்கிவிட்டது. 3 மாதம் கழித்து அல்கலைன் பாஸ்படேஸ் 121. இரவில் குடைவது நின்றுவிட்டது. படியேறும்போது முட்டி இன்னும் வலிக்கிறது. எலும்பின் வளைவு அப்படியேதான் இருக்கிறது. 50 வயதைத் தாண்டிய அண்ணனும் நானும் அதே பரிசோதனையைச் செய்துகொண்டோம், இருவருக்கும் சரியாக இருக்கிறது. பெரியம்மாவிடம் கால் இன்னும் சுடுகிறதா என்று தொலைபேசியில் கேட்டேன். கொஞ்சம் இரு என்று சொல்லிப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, "ரெண்டும் இப்ப ஒண்ணாட்டத்தான் இருக்குது கண்ணு," என்றார்.